சங்கத்தின் ஒரே உறுப்பினர்

மான் முதலில் என் முதுகுப் பக்கமாகத்தான் வந்தது.

நான் டச்சுக்குடா கடற்கரை றோட்டு ஓரத்தில், மத்தியான வெயிலில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தனான். கையில் ஒரு தடி. தடியின் நுனியில் பிஸ்கற் பெட்டியைக் கிழித்துச் செய்த அட்டை. அதில் சிவப்பு மையால் 'உள்ளூர்க் கலைஞர் வயிற்றில் அடிக்காதே!' என்று எழுதியிருந்தது. எழுத்து எங்கள் தலைவருடையது. கோபம் சங்கத்துடையது. வெயில் மட்டும் என்னுடையது.

பின்னால் ஏதோ கிழிகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு புள்ளிமான் அட்டையின் மூலையைக் கடித்து, ஆறுதலாகச் சப்பிக்கொண்டு நிற்கிறது.

"சூ!" என்றேன்.

மான் என்னைப் பார்த்தது. இன்னொரு கடி கடித்தது. எங்கள் ஊர் மான்களுக்கு மனிசரில் பயமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். போராட்டத்தில் இருக்கிறவன் கதிரையை விட்டு எழும்பக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் எழும்பவில்லை. மான் 'வயிற்றில்' வரைக்கும் தின்று பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கழற்றி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அட்டை போன பிறகு நான் போராட்டக்காரனாகத் தெரியவில்லை. வெறும் தடியோடு வெயிலில் இருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். ஒரு ஓட்டோ கிட்ட வந்து வேகத்தைக் குறைத்தது.

"அண்ணை, பஸ்ஸுக்கோ? இஞ்ச பஸ் நிக்காது."

"பஸ்ஸுக்கில்லை தம்பி. போராட்டம்."

ஓட்டோக்காரர் சுற்றிவரப் பார்த்தார். "மற்ற ஆக்கள் எங்க?"

நான் தடியால் காட்டினேன். கொஞ்சம் தள்ளி, பூவரச மரங்களுக்குக் கீழே, சினிமாக் கொம்பனி அடித்திருந்த நீலத் தறப்பாள் கூடாரம். அதற்குள் எங்கள் சங்கம் முழுக்க இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளையள், "அப்பாவின்ட சங்கத்தில அப்பாவுக்கு என்ன வேலை?" என்று போன கிழமை கேட்டீர்கள். இதுதான் வேலை. ஏன் அந்த வேலை எனக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேணும்.

டீசல் வாங்கப் போன இடத்தில்

எங்கள் ஊரில் சினிமா ஸ்ரூடியோ ஒன்றும் இல்லை. ஆனால் கடல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, இந்த மான்களும் இருக்கின்றன. அதனால் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், எப்போதாவது இந்தியாவிலிருந்தும் ஆட்கள் கமெராவோடு வந்து இறங்குவார்கள். வந்தால் அவர்களுக்கு லைற் வேணும், கரண்ட் வேணும், சோறு வேணும், படகு வேணும், முகத்துக்குப் பவுடர் வேணும். இதில் கரண்ட் நான். என்னுடைய ஜெனரேற்றரைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போய், சத்தம் கேட்காத தூரத்தில் வைத்து, வயர் இழுத்துக் கொடுப்பேன். நடிகர்மாரை நான் கிட்டவாகப் பார்த்தது குறைவு. அவர்கள் வெளிச்சமாக இருந்தால் என் வேலை சரி.

சங்கம் இல்லாத காலத்தில் நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியாது. எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சின சோறுதான் எங்களுக்கு. ஒருமுறை சாம்பல்தீவில் லைற் கட்ட ஏறின மனிசர் ஏணியோடு விழுந்து கையை முறித்துக்கொண்டார். கொம்பனிக்காரர் அவரை மரத்தடியில் இருத்திப்போட்டு அடுத்த காட்சியை எடுத்தார்கள். நான் ஜெனரேற்றரை நிற்பாட்டி, அவரை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். திரும்பி வந்தபோது, இருட்டில் விட்டுப்போட்டுப் போனேன் என்று எனக்குத்தான் பேச்சு விழுந்தது.

அன்றைக்கு லைற் வாடகைக்கு விடுகிற யோகநாதன் அண்ணை சொன்னார், "இனிச் சங்கம் இல்லாமல் ஏலாது."

நான் பகிடிக்குச் சொல்லவில்லை, அந்தச் சங்கம் நல்லது செய்தது. இப்போது எங்களுக்கும் இயக்குநருக்கும் ஒரே பானையில் சோறு, ஒரே நேரத்தில். ஏணியில் ஒருவர் ஏறினால் கீழே ஒருவர் பிடிக்க வேணும். படம் முடிய எங்கள் பெயர்களும் திரையில் வர வேணும். இதெல்லாம் தனி ஆளாய்ப் போய்க் கேட்டால் கிடைக்கிற காரியமில்லை.

ஆனால் சங்கம் தொடங்கின அன்றைக்கே ஒரு பிழை நடந்தது.

கூட்டம் நசீர் நானாவின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால். நானா கிண்ணியா ஆள்; படப்பிடிப்புகளுக்குச் சமைக்கிறவர். கூட்டம் தொடங்க முந்தி, டீசல் முடியப் போகுது என்று நான் கான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். பெற்றோல் செட்டில் வரிசை. திரும்பி வரும்போது கூட்டம் முடிந்து வடை பரிமாறுகிறார்கள்.

எங்கள் ஆட்களுக்குப் பதவி என்றால் உங்களுக்குத் தெரியும்தானே. கலியாண அழைப்பிதழில் போடலாம், திருவிழா நோட்டீசில் போடலாம், கடைசியில் மரண அறிவித்தலிலும் போடலாம். யோகநாதன் அண்ணை தலைவர். நசீர் நானா பொருளாளர். மேக்கப் போடுகிற சிவபாதம் மாஸ்டர் உபதலைவர். இருந்த மற்றவர்களுக்குச் செயலாளர், உபசெயலாளர், போசகர், இணைப்பாளர் என்று ஆளுக்கொன்று. படகுக்கார அந்தோனிக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாமல், 'கடல் விவகார அமைப்பாளர்' என்று புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்திருந்தார்கள்.

"எனக்கு?" என்றேன்.

"நீர் உறுப்பினர்," என்றார் தலைவர்.

"வெறும் உறுப்பினரோ?"

"என்ன வெறும்? உறுப்பினர் இல்லாமல் சங்கம் இருக்கேலுமோ? நீர்தான் ஐசே அத்திவாரம்!"

எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. அத்திவாரத்துக்கு மேலேதான் எல்லாப் பாரமும் இருக்கும் என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

மரணச் சங்கத்தின் சட்டம்

சங்கத்துக்கு யாப்பு என்று ஒரு சட்டப் புத்தகம் வேணும். யோகநாதன் அண்ணை தங்கள் ஒழுங்கையின் மரண உதவிச் சங்கத்தின் யாப்பை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி எழுதினார். அதனால் எங்கள் சினிமாச் சங்கத்தில், உறுப்பினர் இறந்தால் பந்தல், கதிரை, பிளேன்ரீ எல்லாம் சங்கம் கொடுக்கும். வேறெந்த ஊர்ச் சினிமாச் சங்கத்திலும் இந்த வசதி இருக்காது.

இன்னொரு சட்டமும் அதோடு வந்தது. புது ஆளைச் சேர்க்க, பதவியில் இல்லாத இரண்டு உறுப்பினர் வேணும். ஒருவர் முன்மொழிய, மற்றவர் வழிமொழிய. நிர்வாகம் தன் ஆட்களை உள்ளே இழுக்காமல் இருக்கச் செய்த நல்ல சட்டம். மரணச் சங்கத்தில் ஒழுங்கைச் சனம் முழுக்க உறுப்பினர். அங்கே அது வேலை செய்யும். எங்களிடம் பதவியில் இல்லாத ஆள் நான் ஒருத்தன்.

தலைவர் தானாகவும் ஒன்று சேர்த்தார். பேச்சுவார்த்தை நிர்வாகத்தின் வேலை, போராட்டம் உறுப்பினரின் வேலை.

இப்போது விளங்குதோ, ஏன் நான் வெயிலில் என்று?

கலியாண வீட்டிலிருந்து வந்த மீனவன்

போராட்டம் நடந்த அந்தப் படத்தில் ஒரு மீனவன். இஞ்சின் பழுதாகி, கடலில் நாட்கணக்காக அலைந்து, குடிக்கத் தண்ணியில்லாமல் கரைக்கு வந்து விழுகிறான். கதையே அந்த முகத்தில்தான் இருக்கிறது என்று இயக்குநர் சொன்னார். கொழும்பிலிருந்து வந்த இளம் பிள்ளை, மரியாதையாகக் கதைக்கிறவர்.

முகத்தைச் செய்ய வேண்டியவர் சிவபாதம் மாஸ்டர். கோயில் திருவிழா நாடகங்களுக்கு முகம் போட்டே தலை நரைத்த மனிசர். அரசன், தேவர், வேடன், எல்லாம் அவருடைய கையால் வந்தவை. ஆனால் அந்தக் கைக்கு மனிசரை உயர்த்தித்தான் பழக்கம். அவர் முடித்துவிட்டபோது எங்கள் மீனவனுக்கு ரோஸ் கன்னம், வில் மாதிரிப் புருவம், சிவந்த உதடு.

"மாஸ்டர், இவர் கடலில கிடந்து வாறவர்," என்றார் இயக்குநர்.

"தெரியும் தம்பி. அதுதான் கொஞ்சம் கறுப்புச் சேர்த்தனான்."

அந்தோனி என் காதுக்குள் சொன்னான், "அண்ணை, இவன் கடலால வரேல்ல. கலியாண வீட்டால வாறான்."

அடுத்த நாள் காலை இயக்குநர் ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்டெல்லா பாலையூற்றுப் பிள்ளை. மணப்பெண் அலங்காரம் செய்கிற கடை வைத்திருக்கிறவள். அந்தக் கடை எங்கள் தலைவரின் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளித்தான். அவருடைய மகளின் கலியாணத்துக்கு அலங்காரம் செய்தவளும் அவள்தான். ஆனாலும் சங்க முறைப்படி வெளியாள்.

"வெளியாள் வேலை செய்யேலாது," என்றார் தலைவர்.

"அப்ப என்னைச் சேருங்கோ," என்றாள் ஸ்டெல்லா. "நான் மாட்டன் எண்டோ சொன்னனான்?"

தலைவர் யாப்பைத் திறந்தார். அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஆளில்லை. யாராவது ஒருவர் பதவியை விட்டு இறங்கி உறுப்பினர் ஆனால்தான் முடியும்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எனக்கெண்டா பிரச்சினையில்லை," என்றான் அந்தோனி. "ஆனால் கடல் விவகாரம் இப்ப கொஞ்சம் சிக்கலா இருக்கு."

சிவபாதம் மாஸ்டர் தன் பெட்டியைப் பூட்டி மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தார்.

அப்படித்தான் போராட்டம் தொடங்கியது. இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார், "ஐயா, இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள இந்தக் காட்சி எடுக்காட்டி, நாளைக்கு நாங்கள் நீர்கொழும்புக்குப் போயிடுவம்." போனால் ஸ்டெல்லாவுக்கும் வேலையில்லை, எங்களுக்கும் வேலையில்லை. அது தெரிந்தும் எல்லோரும் கூடாரத்துக்குள் போய் இருந்தார்கள்.

உங்கட முகத்தை ஒருக்காத் தாங்கோ

மான் அட்டையோடு போய்க் கொஞ்ச நேரத்தில், தலைக்கு மேலே நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் ஸ்டெல்லா. ஒரு கையில் குடை, மறு கையில் அலங்காரப் பெட்டி.

"அண்ணை, எனக்கு எதிராவோ இருக்கிறியள்?"

"ஓம் தங்கச்சி. குறை நினையாதேங்கோ. தனிப்பட்ட கோபம் ஒண்டுமில்லை."

"பாவம், கோபமும் இல்லாமல் வெயிலில இருக்கிறியள்." குடையை என் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு கல்லொன்றில் இருந்தாள். தேசிக்காய்த் தண்ணி கொண்டு வந்திருந்தாள். எதிராளியின் தண்ணியைக் குடிக்கலாமோ என்று யாப்பில் ஒன்றும் இல்லை. குடித்தேன்.

"பதினைஞ்சு வருசமாப் பொம்பிளையளை வடிவாக்கிறன்," என்றாள். "வாற எல்லாருக்கும் ஒரே கதைதான். அக்கா, என்னை வெள்ளையாக்குங்கோ. ஒரு மனுசன் கஷ்டப்பட்டதைக் காட்டுற முகம் ஒண்டு செய்ய எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமே? வீட்டில கண்ணாடிக்கு முன்னால இருந்து என்ட முகத்திலயே செய்து பாக்கிறனான். மனுசன் பயந்து, இனிச் செய்யாதை எண்டுட்டார். இந்தப் படத்தை விட்டா எனக்கு வேற ஆர் தரப் போகினம்?"

நான் மிச்சத் தண்ணியையும் குடித்து முடித்தேன்.

"அண்ணை, நீங்கள் சும்மாதானே இருக்கிறியள்?"

"சும்மா இல்லை. போராட்டம்."

"போராட்டத்துக்கு முகம் தேவையில்லைத்தானே. ஒருக்காத் தாங்கோ."

தந்தேன்.

கன்னத்தில் ஏதோ கறுப்பையும் மண்ணிறத்தையும் விரலால் தேய்த்தாள். கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறம். இமை மயிர் ஒட்டுகிற பசையை உதட்டில் பூசி, குடையை எடுத்துவிட்டு, "கதையாதேங்கோ, காயட்டும், உதடு வெடிச்சிடும்," என்றாள். பசை காய்ந்து தோல் உரிந்த மாதிரிச் சுருங்கியது. பவுடரை உப்புப் போலப் புருவத்தில் தூவினாள். கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினபோது, உண்மையைச் சொன்னால், நான் என்னை நினைத்துக் கவலைப்பட்டேன்.

பசை காயட்டும் என்று கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். தலை ஒரு பக்கம் சரிந்தது. கையிலிருந்த தடி விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத் தேயிலைத் தூள் கொட்டக் கூடாரத்துக்கு வெளியே வந்த நசீர் நானா கண்டுவிட்டார்.

"யா அல்லாஹ்! ஓடி வாங்க, ஆள் முடிஞ்சுது!"

போராளியின் கடைசி மூச்சு

நான் கண்ணைத் திறந்திருக்கலாம். திறந்தால் முடிந்தது. ஆனால் காலையிலிருந்து குடித்த வெயில் எனக்குள் கிடந்தது. நான் திறக்கவில்லை. திறக்காததோடு, மெதுவாக ஒருமுறை முனகினேன்.

நிழலில் இருந்த நிர்வாகம் அவ்வளவு வேகமாக ஓடி நான் கண்டதில்லை. அன்றைக்கும் காணவில்லை, கண் மூடியிருந்ததால் கேட்டது மட்டும்தான்.

"ஐயோ, உதட்டைப் பாருங்கோ! வெடிச்சுப் போச்சு!"

"தலைவர், நீங்கள்தானே இருத்தினது?"

"நான் இருத்தேல்ல, யாப்பு இருத்தினது!" பிறகு தலைவரின் குரல் தணிந்தது. "நானா, உறுப்பினர் செத்தா என்ன செய்யோணும்?"

"பந்தல், கதிரை, பிளேன்ரீ."

"அதில்லை. உறுப்பினர் ஒருத்தருமே இல்லையெண்டா?"

நானா யோசித்தார். "அப்ப சங்கமே இல்ல. கலைஞ்சிரும்."

"தண்ணி கொண்டு வாங்கோ! கெதியா!"

யாரோ என்னைக் கதிரையிலிருந்து இறக்கி, தலையை மடியில் வைத்து விசிறினார்கள். பூசுகிற பவுடர் வாசம். சிவபாதம் மாஸ்டர். சூடாக ஒரு துளி என் மூக்கில் விழுந்தது. மாஸ்டர் அழுதுகொண்டிருந்தார். "எங்கட சண்டைக்கு இவரை வெயிலில விட்டுட்டமே," என்றார். எழும்பிவிடுவம் என்று நினைத்தேன்.

அதற்குள் அவர் லேஞ்சியை எடுத்து என் நெற்றியைத் துடைத்தார்.

கை நின்றது.

ஒரு கண்ணை மயிரளவு திறந்து பார்த்தேன். மாஸ்டர் லேஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மண்ணிறம். விரலால் தேய்த்தார். மணந்தார். குனிந்து என் உதட்டை, ஆசாரி நகை பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

இனிச் சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஆடாதையும் ஐசே. உதட்டுப் பசை விட்டுடும்."

பிறகு எழும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாடகக் குரலில் சொன்னார், "தலைவர், ஒரு ஆளை நம்பிச் சங்கம் நடத்தினது பிழை. நான் உபதலைவர் பதவியை விடுறன். இந்த நிமிசத்திலயிருந்து நானும் உறுப்பினர்."

"இப்ப ஏன் மாஸ்டர் அந்தக் கதை? ஆளைக் காப்பாத்துவம்!"

"ஏற்கிறியளோ இல்லையோ?"

"ஏற்கிறன், ஏற்கிறன்!"

"அப்ப பதவியில்லாத ஆக்கள் ரெண்டு பேர். ஸ்டெல்லாப் பிள்ளையைச் சேர்க்கிறதுக்கு நான் வழிமொழியத் தயார். முன்மொழிய ஆர்?"

சாகக் கிடந்த நான் மெதுவாக ஒரு கையைத் தூக்கினேன்.

"முன்மொழியிறன்."

உதடு வெடித்தது. நசீர் நானா தண்ணிச் செம்பைக் கீழே விட்டார். தலைவர் என்னைப் பார்த்தார், லேஞ்சியைப் பார்த்தார், ஸ்டெல்லாவின் பெட்டியைப் பார்த்தார்.

"இது மோசடி! இது செல்லாது!"

"ஏன் செல்லாது?" என்றார் மாஸ்டர். "செத்தவரோ முன்மொழிஞ்சவர்? உயிரோட இருக்கேக்க, நிர்வாகம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்கேக்கதான் கை தூக்கினவர். யாப்பில வேற ஏதும் இருந்தால் வாசியுங்கோ."

யாப்பில் வேறொன்றும் இருக்கவில்லை. பந்தலும் கதிரையும்தான் இருந்தது. அந்தோனி முதலில் சிரித்தான். பிறகு நானா. கடைசியில் தலைவருக்கும் அடக்க ஏலாமல் போய்விட்டது.

சத்தம் கேட்டு வந்த இயக்குநர் என் முகத்தைக் கண்டு அப்படியே நின்றார். "இதுதான்," என்றார். "இந்த முகம்தான்."

அதே முகத்தை ஸ்டெல்லா நடிகருக்கும் போட்டாள்; வெயில் சாய முந்தி அந்த மீனவன் கரைக்கு வந்து விழுந்தான். என் ஜெனரேற்றர் ஓடியது. பார்த்துக்கொண்டு நின்ற சனத்தில் ஒரு மனிசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டெல்லா அந்த மனிசியைத்தான் பார்த்தாள், நடிகரைப் பார்க்கவில்லை.

வயர் சுற்றும்போது மாஸ்டரிடம் கேட்டேன், "ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்? பதவி போச்சே."

"நான் இவ்வளவு காலமும் முகம் போட்டதைப் பாத்து ஒருத்தரும் அழேல்ல," என்றார். "கும்பிட்டிருக்கினம். அழேல்ல. அவள் என்னையே அழ வைச்சிட்டாள். பேந்து நான் என்னத்துக்கு உபதலைவர்?"

நான் முகத்தைக் கழுவாமல் வீட்டுக்கு வந்ததும், நீங்கள் கத்தினதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் அம்மா மட்டும் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரோட பகிடி விட்டிட்டு வாறியள்? கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ," என்றா. அவவை ஏமாற்றுகிற மேக்கப் இன்னும் வரவில்லை.

பிறகு வந்த வெயில்

வெறுமையாக இருந்த உபதலைவர் பதவியை அடுத்த கூட்டத்தில் ஸ்டெல்லாவுக்குக் கொடுத்தார்கள். மாஸ்டரும் நானும் உறுப்பினர்.

சில மாதம் போக, வேறொரு கொம்பனி. எங்கள் தலைவரிடம் வேலை செய்கிற லைற்காரர் ஒருவரை உச்சி வெயிலில், மறைப்பு ஒன்றும் இல்லாத இரும்புக் கோபுரத்தில் ஏற்றி, இறங்க விடாமல் வைத்திருந்தார்கள். மறுபடியும் போராட்டம். மாஸ்டரும் நானும் கதிரைகளையும் அட்டைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே போனோம். நிர்வாகம் பேசுவதற்குக் கூடாரத்துக்குள் போனது.

கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா ஒரு கதிரையோடும் ஒரு அட்டையோடும் வெளியே வந்தாள். எங்களுக்கு நடுவில் போட்டு இருந்தாள்.

தலைவர் கூடார வாசலில் நின்று கூப்பிட்டார். "பிள்ளை, நீர் உபதலைவர்! நிர்வாகம் வெயிலில இருக்கக் கூடாது!"

"யாப்பில எங்க இருக்கு, அண்ணை?"

தலைவர் யாப்பைப் புரட்டினார். போராட்டம் உறுப்பினரின் வேலை என்று அவர்தான் எழுதியவர். நிர்வாகம் செய்யக் கூடாது என்று எழுத மறந்துபோயிருந்தார். முதலில் அந்தோனி ஒரு கதிரையோடு வந்தான். பிறகு நானா பிளேன்ரீக் கேத்திலோடு வந்தார். உள்ளே தனியே இருக்க வெட்கப்பட்டோ என்னவோ, கடைசியில் தலைவரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தனக்கும் ஒரு அட்டையோடு வந்து இருந்தார். கொம்பனி மனேஜர் எட்டிப் பார்த்தார். பேச்சுவார்த்தைக்குக் கூடாரத்தில் ஆளில்லை. தேத்தண்ணி ஆற முந்தி, கோபுரத்துக்குக் கீழே நின்று, லைற்காரரை இறங்கச் சொல்லிக் கூப்பிட்டார்.

அதே மானோ வேறு மானோ தெரியாது, அன்றைக்கும் பின்னால் வந்தது. என் அட்டையின் மூலைக்கு மூக்கைக் கொண்டுபோனது. மணந்தது. ஒரு தும்மல் தும்மிப்போட்டு, தலைவரின் அட்டைப் பக்கமாக நடந்தது.

எங்கள் மூன்று அட்டைக்கும் ஸ்டெல்லா முதலே வேப்பெண்ணெய் பூசியிருந்தாள்.